சேர்த்தவர் இருக்கும்போதே தீர்மானிக்கப்பட வேண்டியவை

தெற்கு இலண்டனில் கோலியர்ஸ் வுட், ரூட்டிங், மிச்சம், விம்பிள்டன் ஆகிய பகுதிகளில் 1980களில் வந்து குடியேறிய ஈழத்தமிழரின் முதல் தலைமுறை இன்று எழுபது வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. மாடிப்படி ஏற முடியாதவர்கள் கீழ்த்தளத்துக்கு இடம் மாறுகிறார்கள். சிலர் பிள்ளைகளின் வீட்டுக்கும், சிலர் முதியோர் இல்லங்களுக்கும் செல்கிறார்கள். அவர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்தவை மட்டும் கூரைக்குக் கீழுள்ள லொஃப்டிலும் தோட்டக் கொட்டகையிலும் பெட்டி பெட்டியாக அப்படியே இருக்கின்றன. இவற்றை என்ன செய்வது என்னும் வினாவைப் பெரும்பாலான குடும்பங்கள் மரணவீடு முடிந்த மறுவாரத்தில்தான் முதன்முதலாகக் கேட்டுக்கொள்கின்றன. அப்பொழுது விடை சொல்லக்கூடிய ஒரே மனிதர் உயிருடன் இருப்பதில்லை.

இவ்வினாவுக்குப் பிந்தி விடை தேடியவர்களின் வரலாறு அதே கோலியர்ஸ் வுட் மண்ணிலேயே இருக்கின்றது. நிலத்தடித் தொடருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், வாண்டில் ஆற்றங்கரையில், 1881இல் வில்லியம் மொரிஸ் தமது நெசவு, சாயத் தொழிற்சாலையை அமைத்தார். கைவினைக் கலைஞர், கவிஞர், சமவுடைமையாளர் என்று பலவாறு அறியப்பட்ட அவர், நடுக்காலக் கையெழுத்துப் படிகளையும் அச்சுக்கலையின் தொடக்ககால நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்தவர். 1896இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே அந்நூலகம் மான்செஸ்டரைச் சேர்ந்த ரிச்சர்ட் பெனட் என்னும் செல்வந்தருக்கு விற்கப்பட்டது. பெனட் 13 அங்குலத்துக்கு மேல் உயரமான நூல்களை வைத்திருக்க விரும்பாதவர். தமக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றை 1898இல் ஏலத்தில் விட்டார். அவர் வைத்துக்கொண்டவை 1902இல் அமெரிக்க வங்கியாளர் பியர்பொன்ட் மோர்கனின் கைக்குச் சென்றன; அவை இன்று நியூயோர்க்கில் உள்ளன. ஏலத்தில் போனவை உலகெங்கும் சிதறின. எந்த நூல் எங்கே இருக்கின்றது என்று அறிஞர்கள் இன்றும் பட்டியல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உலகறிந்த ஒருவரின் சேகரிப்பே நூலின் உயரத்தைக் கொண்டு பிரிக்கப்பட்டதென்றால், பெயர் அறியப்படாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெட்டிகள் எதைக் கொண்டு பிரிக்கப்படும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழுலகில் வேறு வகையான முடிவுகளும் நிகழ்ந்துள்ளன. 1942இல் உ. வே. சாமிநாதையர் மறைந்ததை அடுத்து, அவர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஏட்டுச் சுவடிகளும் நூல்களும் 1943இல் அவர் பெயராலேயே ஒரு நூலகமாயின. 1950இல் மறைந்த மறைமலையடிகள், தம் நூல்கள் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்னும் விருப்பத்தைத் தெளிவாக விட்டுச் சென்றிருந்தார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை அதனை ஏற்று நின்றதால், 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் திறக்கப்பட்டது. விருப்பம் தெளிவாக இருந்தும், பொறுப்பேற்க ஆளிருந்தும், எட்டு ஆண்டுகள் சென்றன.

மூன்றாவது எடுத்துக்காட்டு ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த அவர் பெருஞ்செல்வரும் அல்லர், பேராசிரியரும் அல்லர்; விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புத் துண்டுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் குப்பை என்று கழித்தவற்றை எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் பொருள்கள் அவ்வீட்டில் இருந்தன. சிகாகோப் பல்கலைக்கழகம் அவற்றைக் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. எனினும் அவை கடல் கடந்து கொண்டு செல்லப்படவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இதனை நல்லூழ் என்றே கூற வேண்டும். சேர்த்தவரின் அருமையை அறிந்த ஆய்வாளர்கள் முன்னரே அவரோடு தொடர்பில் இருந்தமையால் அந்த நல்லூழ் வாய்த்தது. கோலியர்ஸ் வுட்டின் ஒரு வரிசை வீட்டில் எந்தப் பெட்டியில் எது இருக்கின்றது என்பது எந்த ஆய்வாளருக்கும் தெரியாது.

அந்தப் பெட்டிகளில் இருப்பவை யாவை? எங்கும் கிடைக்கும் நாவல்களும் பக்தி நூல்களும் ஒரு பங்கு. மறுபங்கு, வேறெங்கும் இல்லாதவை. ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்கள், பழைய மாணவர் சங்க அறிக்கைகள், அரங்கேற்ற அழைப்பிதழ்கள், சில இதழ்களோடு நின்றுபோன சிற்றிதழ்கள், ஊர்வலத் துண்டறிக்கைகள், தமிழ்ப் பாடசாலைகளின் முதல் வருகைப் பதிவேடுகள், ஊரிலிருந்து வந்த ஏரோகிராம் கடிதங்கள், விழாக்களைப் பதிந்த ஒளிநாடாக்கள். இவற்றோடு, இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்களையும் சேர்க்க வேண்டும். அந்தச் சிறு நூலில் வம்ச வரலாறு இருக்கும். ஊரின் பெயர், கோயில், தொழில், மணவுறவு, பிள்ளைகள் குடியேறிய நாடுகள் எல்லாம் இருக்கும். போரால் பதிவேடுகள் அழிந்த ஊர்களுக்கு இதனை விட நெருக்கமான சான்று அரிது. ஆனால் வீட்டைத் துப்புரவு செய்வோரின் கண்ணுக்கு நாவல் பெறுமதியுள்ளதாகவும், கல்வெட்டு வெறுந்தாளாகவும் தோன்றும். தமிழ் வாசிக்க அறியாத பிள்ளைக்கும் தொண்டு நிறுவனக் கடைக்காரருக்கும் இரண்டும் ஒன்றே. இரண்டும் கழிவுத்தாளாகப் போகும்.

ஆகவே முதல் வேலை, எவை அரியவை என்று பிரிப்பது. அதனைச் சேர்த்தவர் ஒருவரே செய்ய முடியும். விலையோ அழகோ இதற்கு அளவுகோல் அன்று. வேறெங்காவது இன்னொரு படி இருக்கின்றதா என்பதே அளவுகோல். இதற்கு உதவும் கருவிகளும் இன்று உள்ளன. பிரித்தானியாவில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டு வரும் ‘நூல் தேட்டம்’, தொகுதிக்கு 1000 நூல்கள் என்னும் கணக்கில் ஈழத்தமிழரின் நூல்களைப் பட்டியலிடுகின்றது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் எவை ஏற்கெனவே உள்ளன என்பதை எவரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கு உள்ள நூலைக் கொடுத்துவிடலாம், விட்டும் விடலாம். அங்கு இல்லாத ஒன்று கையில் இருந்தால், அது ஒரு குடும்பத்தின் சொத்து என்னும் நிலையைக் கடந்துவிட்டது.

எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்பாரும் உளர். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூன் முதலாம் நாளை ஒட்டிய இரவில் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான ஓர் இனத்துக்கு, எந்தத் தாளையும் எறிய மனம் வராது. அவ்வுணர்வு மதிக்கத்தக்கது. ஆயினும் அதுவே தீங்காகவும் முடிகின்றது. அறுநூறு நூல்களையும் ஒன்றாகக் கொடுக்க முனைபவருக்கு எந்த நிறுவனமும் இடம் தராது. முடிவில் அறுநூறும் குப்பைக்குப் போகும். அரிய அறுபதைப் பிரித்து வைத்தவருக்கோ வாசல்கள் திறக்கின்றன. கழிக்கத் துணிந்தவரே காக்கவும் வல்லவர்.

எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடலாம் என்பது இன்னொரு கருத்து. ஊரைப் பற்றிய நூல் ஊருக்குப் போவது முறையே. ஆனால், பெறுபவரிடம் கேளாமல் அனுப்பப்படும் பெட்டி கொடையாகாது. சுமையை இடம் மாற்றுவதாகவே முடியும். அங்குள்ள நூலகங்களுக்கும் இடநெருக்கடி உண்டு, ஆட்பற்றாக்குறை உண்டு. மேலும், ரூட்டிங்கில் அச்சிட்ட துண்டறிக்கையும் விம்பிள்டனில் நிகழ்ந்த விழாவின் படமும் ஈழத்தின் வரலாறு மட்டுமல்ல, இலண்டனின் வரலாறும் ஆகும். மேர்ட்டன் மாநகரசபையின் உள்ளூர் வரலாற்று நிலையம் மோர்டன் நூலகத்தில் இயங்குகின்றது. இப்பகுதியில் ஆங்கிலம் அல்லாத மொழிகளுள் தமிழ் முன்வரிசையில் நிற்பதைக் குடிசனக் கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. அவ்வரலாறு உள்ளூர்ச் சுவடிகளில் இடம்பெற வேண்டுமாயின், அதனை உரியவர்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கரீபியன் மக்கள் இவ்வழியில் முன்சென்றவர்கள். கயானாவிலிருந்து வந்து மேற்கு இலண்டனில் வாழ்ந்த ஜெசிக்கா, எரிக் ஹண்ட்லி தம்பதியினர், தம் வீட்டு வரவேற்பறையில் பதிப்பகம் தொடங்கி அதனைப் புத்தகக் கடையாக வளர்த்தவர்கள். தங்கள் கடிதங்கள், கணக்குகள், துண்டறிக்கைகள் அனைத்தையும் 2005இல், தாம் உயிருடன் இருக்கும்போதே, இலண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தனர். அதனால் ஒவ்வொரு தாளும் என்ன என்று அவர்களிடமே கேட்டறிய முடிந்தது. அச்சேகரிப்பை மையமாகக் கொண்டு ஆண்டுதோறும் கருத்தரங்குகள் நிகழ்ந்தன. பிரிக்ஸ்டனில் 1981இல் சிறு முயற்சியாகத் தொடங்கிய கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம் 2014இல் தனக்கெனக் கட்டடம் கண்டது. பணபலத்தை விட, முதியவர்கள் வாழும் காலத்திலேயே எடுத்த முடிவுகளே இவற்றுக்கு அடித்தளமாயின.

வருடிக் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா என்று இளையோர் கேட்கிறார்கள். எண்ணிமமாக்கல் இன்றியமையாதது, ஆனால் அது மட்டும் போதாது. ஜியோசிற்றீஸ் தளம் 2009இல் மூடப்பட்டபோது, அதில் அடியார் முதல் ஆர்வலர் வரை பலரும் அமைத்திருந்த பக்கங்கள் உரியவரிடமிருந்து பறிபோயின. 2023 ஒக்ரோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகமே மாதக்கணக்கில் முடங்கியது. எண்ணிமப் படி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருத்தல் வேண்டும். அரியவற்றின் மூலத்தாளும் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும்.

ஒளிநாடாக்களைப் பொறுத்தவரை, காத்திருக்க நேரமே இல்லை. வி.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தி 2016இல் உலகெங்கும் நின்றுவிட்டது. காந்தநாடாக்கள் வயதாக ஆகச் சிதைபவை; அவற்றை ஓட்டும் பொறிகளும் பழுதுபார்ப்போரும் அருகிவருவதை யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பாளர் அமைப்பும் 2019இலேயே எச்சரித்தன. ஒரு வீட்டில் இருபது பெட்டிகள் இருந்தால், முதலில் தொடப்பட வேண்டியது ஒளிநாடாப் பெட்டியே. புத்தகம் இன்னும் முப்பது ஆண்டுகள் காத்திருக்கும், நாடா காத்திராது.

கடிதங்களில் வேறொரு பொறுப்பும் உண்டு. தாள் பெற்றவருக்கு உரியது. எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகள் வரை அவர் வழிவந்தோருக்கும் உரியது. போர்க்காலக் கடிதம் ஒன்று, இன்றும் ஊரில் வாழும் ஒருவரின் பெயரையோ செயலையோ வெளிப்படுத்தக் கூடும். புகலிடக் கோரிக்கைத் தாள்களிலும் பிறர் துன்பங்கள் எழுதப்பட்டிருக்கும். அவற்றை எரித்துவிடவும் வேண்டியதில்லை, இணையத்தில் ஏற்றிவிடவும் வேண்டியதில்லை. குறித்த ஆண்டுகள் வரை மூடி வைத்திருத்தல் என்னும் நிபந்தனையோடு ஆவணக் காப்பகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. எவற்றை எத்தனை ஆண்டுகள் மூடி வைக்க வேண்டும் என்பதையும், அக்கடிதங்களின் மனிதர்களை அறிந்தவரே சொல்ல முடியும்.

பிள்ளைகளைக் குறை கூறுவது எளிது. தமிழ் தெரியவில்லை, அக்கறை இல்லை என்னும் குற்றச்சாட்டுகள் முதியோர் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கின்றன. ஆனால் பெட்டியில் என்ன இருக்கின்றது என்று ஒருமுறையேனும் திறந்து காட்டப்படாத பிள்ளை, எதன் மீது அக்கறை கொள்வது? அறுநூறு நூல்களைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது அன்பாகாது. பத்துப் பொருள்களைத் தெரிந்து, ஒவ்வொன்றின் கதையையும் கைபேசியில் பேசிப் பதிந்து கொடுப்பதே அன்பு. அக்குரல்களைப் பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள். எஞ்சியவை எங்கே போக வேண்டும் என்பதை இரண்டு பக்கங்களில் எழுதி, மரண சாசனத்திலும் அதைக் குறிப்பிட்டு, பொறுப்பான ஒருவரின் பெயரைச் சேர்த்தால் குடும்பத்துக்குள் பூசலும் இராது. வாய்மொழி விருப்பம் மரணவீட்டின் பரபரப்பில் மறக்கப்படும்.

சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆண்டுதோறும் விழா மலர் வெளியிடும் சங்கங்களுள் தம் முதல் மலரின் படியைத் தம்மிடமே வைத்திருப்பவை எத்தனை? பெரிய மண்டபம் வேண்டியதில்லை. ஆண்டில் ஒரு நாள், ஒரு வருடி, தமிழ் வாசிக்கும் மூத்தவர் இருவர், கணினி அறிந்த இளையோர் இருவர், ஒரு பதிவேடு, இவை போதும். முதியவர் பெட்டியோடு வரலாம். வர இயலாதவரின் வீட்டுக்கு அவர்கள் போகலாம். எதை ஏற்பது, எதை மறுப்பது, மறுத்ததை எங்கே அனுப்புவது என்னும் விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். வைத்திருக்க முடியாததை முகத்துக்காக வாங்கி நிலவறையில் நனைய விடுவதை விட, மறுத்துவிடுவது நேர்மை.

சேகரிப்பு என்பது தாள்களின் தொகை மட்டுமன்று. இந்தப் படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார், இந்தத் துண்டறிக்கையை அச்சிட்டது எங்கே, இந்த இதழ் ஏன் நான்காவது இதழோடு நின்றது என்பவற்றை அறிந்த நினைவே அதன் உயிர். தாளைப் பின்னர் எவரும் மீட்கலாம். அந்த நினைவை மீட்க இயலாது. எந்தப் பெட்டியையும் வெளியே அனுப்புவதற்கு முன், ஒரு பென்சிலை எடுத்துப் படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதத் தொடங்கலாம். அதற்குப் பணமும் தேவையில்லை, நிறுவனமும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.