பெருவழுதியும் தேடுபொறியும்

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி என்பது மரபு. அம்மன்னன் தானும் ஒரு புலவன். அவன் பெயரிலான பாடலொன்று அந்நூலில் உண்டு. அது நிற்கும் இடம் 26. காரணம் எளிது: அது மருதத்திணைப் பாடல். ஒற்றைப்படை எண்கள் பாலைக்கு, 2, 8 என முடிபவை குறிஞ்சிக்கு, 4 முல்லைக்கு, 6 மருதத்திற்கு, பத்துகள் நெய்தலுக்கு. விதி வெளிப்படையானது, எவரும் சரிபார்க்கலாம். புரவலன் என்பதற்காக அவன் பாடல் முதலிடத்தில் ஏறி அமரவில்லை.

இன்று நம் காலத்தின் மாபெரும் தொகுப்பாசிரியன் தேடுபொறிதான். அதன் வரிசை விதி நமக்குத் தெரியாது. தெரிந்தவரை அதில் புரவலர்களுக்கே முதலிடம்.

இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர்கள் வேறு யாருமல்லர், கூகிளின் நிறுவனர்களே. விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாய்வது இயல்பு என்று செர்கேய் பிரின், லாரி பேஜ் இருவரும் 1998-இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் எழுதினர். 2000-இல் தாமே விளம்பரக் கடையைத் திறந்தனர். தொடக்கத்தில் விளம்பரங்களுக்குத் தனி வண்ணப் பின்புலம் இருந்தது. 2013-இல் அது போய் ஒரு சிறு மஞ்சள் வில்லை வந்தது; 2016-இல் வில்லை பச்சையாயிற்று; 2020-இல் கறுப்பெழுத்தாயிற்று. விளம்பரத்திற்கும் விடைக்கும் இடையிலிருந்த வேலி இப்படித்தான் படிப்படியாகத் தேய்ந்தது.

விளம்பரமாவது காசு கொடுத்து வாங்கிய இடம். அதனினும் கொடிது, தொகுப்பாசிரியன் தன் சரக்கையே 'சிறப்பு முடிவு' எனப் பெட்டி கட்டி உச்சியில் வைப்பது. ஐரோப்பிய ஆணையம் 2017-இல் கூகிளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது இதற்காகத்தான். பொருள்களின் விலையை ஒப்பிடும் தன் சேவையைக் கூகிள் மேலே நிறுத்தியது. போட்டியாளர்களில் மிக உயர்ந்த இடம் பெற்றவரே சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தென்பட்டார். முதல் பக்கத்தின் பத்து முடிவுகளே ஏறத்தாழ 95 விழுக்காடு சொடுக்குகளைப் பெறுகையில், நான்காம் பக்கம் என்பது நாடுகடத்தல் அன்றி வேறென்ன? 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தது. இங்கும், சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-இல் அளித்த புகார்களின்மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார்களில் பல நிறுவப்படவில்லை. எனினும் விமானப் பயணம் தேடுவோரைத் தன் பக்கத்திற்கே கூகிள் இழுத்தது தவறெனக் கண்டது ஆணையம்.

"பயனர்க்கு உகந்ததைத்தானே மேலே வைக்கிறோம்" என்பது அவர்கள் வாதம். உகந்தது எது என்று தீர்ப்பளிப்பவனே அதை விற்பவனாகவும் இருந்தால் அத்தீர்ப்பை எங்ஙனம் நம்புவது? "பிடிக்காவிட்டால் வேறு தேடுபொறிக்குப் போகலாமே" என்பது அடுத்த வாதம். கைப்பேசியிலும் உலாவியிலும் தானே இயல்புநிலைத் தேடுபொறியாக இருப்பதற்காக 2021-இல் மட்டும் கூகிள் 2,630 கோடி டாலர் வழங்கியது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. மக்கள் தாமாகவே விரும்பி வருவார்களெனில் வாசலுக்கு இத்தனை விலை எதற்கு?

வரிசை இல்லாமல் தொகை இல்லை, அதை மறுக்கவில்லை. விளம்பரமே கூடாது என்பதும் என் கட்சியன்று. நான் கேட்பவை மூன்று. விலைக்கு வாங்கிய இடம் விலைக்கு வாங்கியதாகவே கண்ணுக்குத் தெரியட்டும். தன் சரக்கும் பிறர் சரக்கும் ஒரே விதியால் அளக்கப்படட்டும். அவ்விதி அவ்வாறே நடக்கிறதா என்று வெளியார் சோதிக்க வழி இருக்கட்டும்.

முடியாட்சிக் காலத்துத் தொகை நூலொன்று அரசனை 26-ஆம் இடத்தில் நிறுத்தியது. குடியாட்சிக் காலத்து நாம் அதற்குக் குறைவாக எதைக் கேட்பது?