மெக்கானிக்குக்கு எதற்குப் படிப்பு?

நமது மத்தியதரக் குடும்பங்களில் பிள்ளைகளைத் திட்டுவதற்கென்றே சில வாசகங்கள் உண்டு. 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பது பழையது. அதற்கு அடுத்தபடி வந்தது, 'இப்படியே மார்க் வாங்கினால் மெக்கானிக் ஷெட்டில்தான் போய் நிற்பாய்' என்பது. இப்படிச் சொன்ன தகப்பனார் மறு வாரமே மனைவி மக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் புறப்படுகிறார். அந்தக் காரின் பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுத்தவன் யார்? எவனைப் போல் ஆகிவிடாதே என்று தம் பிள்ளையை எச்சரித்தாரோ, அவனேதான்! குடும்பத்தின் உயிரை அவனிடம் ஒப்படைக்கலாம். பிள்ளையை மட்டும் அவன் தொழிலுக்கு அனுப்பக் கூடாது. நம்முடைய கௌரவத்தின் லட்சணம் இது.

டாக்டரிடம் போனால் பெயர்ப் பலகையில் என்ன பட்டம் போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறோம். மெக்கானிக்கிடம் அப்படி ஏதாவது கேட்கிறோமா? 'கைராசிக்காரன், கூலியும் குறைச்சல்' என்று நாலு பேர் சொன்னால் போதும்.

ஆனால் அவன் கற்ற விதம் என்ன? பள்ளிக்கூடத்தை விட்ட பையன் ஷெட்டில் வந்து சேர்கிறான். முதலில் டீ வாங்கி வருவான்; கறுத்துப்போன சாமான்களை டீசலில் கழுவுவான். பிறகு, கேட்ட நம்பர் ஸ்பானரை எடுத்துக் கொடுப்பான். நம்பர் மாறினால் தலையில் ஒரு குட்டு. இப்படிச் சில வருஷங்கள் போனால் கை தானாகப் பழகிவிடுகிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் காதும் வந்துவிடுகிறது. அந்தக் காதுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைப்பதில்லை. மூத்த மெக்கானிக் கெட்டவர் என்பதல்ல. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? பிரேக் ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. ஈரம் ஏற ஏற அது சீக்கிரம் கொதிக்கிறது. மலையிறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்து, சூட்டில் அந்த ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால், பெடல் பொத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. இது தெரிந்தவன் பழைய ஆயிலைக் குறித்த காலத்தில் முழுதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவான். தெரியாதவன், குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிவிட்டு, 'சரியாகிவிட்டது சார், தைரியமாகப் போங்கள்' என்பான். இருவரும் நல்லவர்கள். ஆனால் ஒருவன் வண்டியில்தான் நீங்கள் பிழைப்பீர்கள்.

இன்னொன்று. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புது வண்டிகளுக்குப் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிவிட்டால் ஓடிய காலம் மலையேறிவிட்டது. இப்போது கோளாறு விளக்கு எரிந்தால் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கிறார்கள். 'பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று' என்று புகைக்குழாய் சென்ஸார் புகார் சொல்கிறது. உடனே சென்ஸாரையே மாற்றிவிடுகிறார்கள், ஆயிரக்கணக்கில் பில். மறுவாரம் விளக்கு மறுபடி எரிகிறது. குற்றவாளி, எஞ்சினுக்குப் போகும் வழியில் வெடித்துக் காற்றை உள்ளே விட்ட ஒரு சிறு ரப்பர்க் குழாயாக இருக்கலாம்! திருட்டைச் சொல்ல வந்தவனையே திருடன் என்று பிடித்து உள்ளே போட்ட கதை. கருவி புகாரைத்தான் சொல்லும். காரணத்தை மனிதன்தான் யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்குப் பெயர்தான் படிப்பு.

'ஜி.டி. நாயுடு எந்தக் காலேஜில் படித்தார்?' என்று ஒரு கேள்வியை எடுத்து வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட அந்த மேதை, பள்ளிக்கூடத்துக்கு அடங்கியவரல்ல. ஆனால் அவர் என்ன செய்தார்? எல்லோரும் என்னைப் போல் தட்டுத் தடுமாறிக் கற்கட்டும் என்று இருந்துவிடவில்லை. 1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் ஏற்பட முன்னின்றவர் அவரே. மேதைக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை என்பதை அறிந்தவர், மற்றவர்களுக்குத் தேவை என்பதையும் அறிந்திருந்தார்.

சரி, ஐ.டி.ஐ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பத்தாவது தேறியவனுக்கு இரண்டு வருஷத்து மோட்டார் மெக்கானிக் படிப்பும் இருக்கிறது. ஆனால் அங்கே யாரை அனுப்புகிறோம்? வேறெங்கும் இடம் கிடைக்காதவனை. அவனுக்கு மேடைமேல் நிறுத்திய ஒரே எஞ்சினைப் பிரித்துப் பூட்டவே வாய்த்ததென்றால், ஷெட்டுக்கு வந்ததும் குட்டு வாங்கிய பையன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒருவனுக்குக் கை இருக்கிறது, காரணம் தெரியாது. மற்றவனுக்குக் காரணம் தெரியும், கை வரவில்லை.

இரண்டையும் ஒன்றாகக் கற்பிப்பது ஆகாத காரியமா? ஜெர்மனியில் இந்தத் தொழிலுக்கு மூன்றரை வருஷப் பயிற்சி. பட்டறையிலும் பள்ளியிலும் மாறி மாறிக் கற்கிறான். கற்கும்போதே ஊதியம் பெறுகிறான். நம்மிடமும் 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் செய்தாகிவிட்டது. பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகும் அந்தச் சட்டம், தெருமுனை ஷெட்டின் பையனை எட்டிப் பார்க்க வேண்டாமா? அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பும், அந்த நாட்களுக்குக் கூலியும், முடிவில் ஒரு சான்றிதழும் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

சர்க்காரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் வேண்டாம். படித்த மெக்கானிக் அரை மணி யோசித்து ரப்பர்க் குழாயைக் கண்டுபிடித்துக் கூலி கேட்டால், 'ஒரு குழாய் மாட்டவா இவ்வளவு?' என்று பேரம் பேசுகிறோம். சாமானை மாற்றிய பில்லுக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைக்கிறோம். மூளைக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் கூலி என்று நாமே விதித்த பிறகு, எவன் மூளையைத் தீட்டிக்கொள்வான்?

மின்சார வண்டிகள் வந்துவிட்டன. அவற்றின் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அங்கே தப்பான இடத்தில் கை வைத்தவனுக்குத் தலையில் குட்டு விழாது, உயிரே போகும். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளட்டும் என்று இனி எந்தப் பையனையும் விட முடியாது. பிள்ளையைத் திட்ட வேறு வாசகம் தேடிக்கொள்ளுங்கள்.