முடிவை எழுதி வைத்திருப்பவர்கள்

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிப் பேச்சாலேயே ஆடும் விஞ்ஞானக் கதை ஆட்டங்கள் உண்டு. அவற்றுக்குச் ‘சாகசம்’ எழுதித் தருகிறவர்களில் பெரும்பாலோர் வழிதவறி வந்த தொடர்கதைக்காரர்கள். பாத்திரம் என்ன செய்யும் என்பது ஆடுகிறவன் தீர்மானம். உலகம் அதற்கு என்ன பதில் சொல்லும் என்பது நடுவர் பொறுப்பு. இந்த ஒப்பந்தம்தான் ஆட்டம். எந்தக் கதவைத் திறந்தாலும் தான் ஏற்கனவே ஜோடித்து வைத்த அறைக்கே கொண்டுபோய் விடுகிறவர் ஒப்பந்தத்தை மீறுகிறார். சுயேச்சை இல்லை என்று சொல்லிவிடுவதைவிட, இருப்பதாகப் பாவனை காட்டுவது கேவலம்.

1977இல் வெளிவந்த மார்க் மில்லரின் ‘ட்ராவலர்’ மூன்று சிறிய கறுப்புப் புத்தகங்கள். அவற்றில் கதை கிடையாது, நிர்ப்பந்தங்கள் இருக்கின்றன. கப்பல் வாங்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு ரொக்கம். பிறகு மாதாமாதம் விலையில் 240இல் ஒரு பங்கு, 480 மாதங்களுக்கு. கூட்டினால் விலையைப்போல் 2.2 மடங்கு. (பகலெல்லாம் கடன் லெட்ஜரோடு மாரடிக்கிறவன் இந்த இடத்தில் சற்று நின்றுதான் போவான்.) தவணைத் தேதி நெருங்குகிறது. ஏற்றச் சரக்கில்லை. முகமே பிடிக்காத ஒருவன் நல்ல கூலிக்கு ஒரு பெட்டியைக் கொண்டுபோகச் சொல்கிறான், திறக்கக் கூடாதாம். சாகசம் இங்கே பிறந்தாகிவிட்டது. ஒரு தாவலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம்; கப்பலை முந்திக்கொண்டு எந்தச் செய்தியும் போகாது. எனவே பெரியவர் யாரையும் கேட்டு முடிவெடுக்க வழியில்லை. விஞ்ஞானம் கதைக்குச் செய்யும் காரியம் இது. லேசர் துப்பாக்கி வெறும் ஜிகினா.

இதே ஆட்டத்துக்கு 1980இல் ‘76 பேட்ரன்ஸ்’ என்றொரு தொகுப்பு வந்தது. வேலை தருகிறவன் சொல்வது ஒன்று. அதன் பின்னாலுள்ள உண்மைக்குப் பல மாற்றுகள். எது என்பதைப் பகடை சொல்லும். வெறும் சோம்பேறித்தனம் என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு அப்படிப் படவில்லை. நடுவருக்கும் முன்கூட்டித் தெரியாத ஒன்று இருப்பது ஆரோக்கியம். ஆனால் பகடை விழுந்த பிறகு அவர் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஆடுகிறவர்கள் சீக்கிரமே யூகித்துவிட்டார்கள் என்பதற்காக உண்மையைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘சுவாரஸ்யத்துக்காக’ என்பார்கள். யாருடைய சுவாரஸ்யம்?

‘ட்ராவலர்’ விதிகளின்படி, பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அது பணியில் செத்துப்போகலாம். பலரும் சிரித்த விதி. 34 வயதிலிருந்து உடம்பு தேயலாம் என்றும் இருக்கிறது. அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

கப்பலில் நாலு பேர், காற்று மூன்று பேருக்கு என்று வையுங்கள். நடுவர் செய்ய வேண்டியதெல்லாம் எத்தனை மணி நேரக் காற்று என்று முன்பே குறித்துவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. பத்து நிமிஷம் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கட்டும். நம்மவருக்கோ இரண்டு நிமிஷம் தாங்குவதில்லை. மீட்புக் கப்பலை அனுப்பிவிடுகிறார்.