பள்ளிவாசல் ஆல்பத்தை ஏன் மலைக்குக் கொண்டுபோனேன் என்று கேட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு ஓட வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என் ஆல்பத்தைக் காட்டிய படத்தைப் போட்டிருந்தேன். உலகத்துப் பள்ளிவாசல்கள் இருக்கிற தபால்தலைகளும், படம் போட்ட அஞ்சலட்டைகளும் வைத்த ஆல்பம். அதற்குக் கீழே என்னென்ன வந்தது என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அத்தை, ரிட்டையர் ஆன பிறகு உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று அண்ணன் மகன். "டீச்சர், கோயில் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா?" என்று என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இன்னொருத்தி, நான் மதம் மாறிவிட்டேனா என்று சிரிப்புப் பொம்மை போட்டுக் கேட்டிருக்கிறாள்.

அதெல்லாம் போகட்டும். முந்தாநாள் ஒருவர் போன் செய்தார். "அடுத்த தடவை அந்த ஆல்பம் மட்டும் வேண்டாம் டீச்சர். பட்டாம்பூச்சி ஆல்பம் வைத்திருக்கிறீர்களே, அதைக் கொண்டு வாங்க. எதுக்கு வம்பு?" என்றார். அவர் யார், எந்தப் பள்ளி என்று யாரும் துருவ வேண்டாம். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, பாவம், பயந்துவிட்டார். அவரைப் பயப்பட வைத்த பேச்சு இருக்கிறதே, அதன் மேல்தான் கோபம். அது நம் வீட்டுக் கூடத்திலிருந்தும், நான் அ, ஆ சொல்லிக்கொடுத்த வாய்களிலிருந்தும் வந்திருக்கிறது. அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு கணக்கு. அந்த ஆல்பத்தில் பாதிக்கு மேல் நீங்கள் அனுப்பியவை. கோயில் படம் கேட்டாயே தம்பி, நீ அபுதாபிக்கு வேலைக்குப் போன புதிதில் எனக்கு எழுதிய முதல் அட்டை ஞாபகம் இருக்கிறதா? 2007இல் திறந்த ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசல் படம். பின்பக்கம் உன் கோணல் கையெழுத்தில், "டீச்சர், நான் இதுவரைக்கும் பார்த்ததிலேயே அழகான கட்டடம் இதுதான்" என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து திருந்தவில்லையே என்று அன்று சிரித்துக்கொண்டே ஒட்டி வைத்தேன். அந்த அட்டை மலைக்குப் போனால் மட்டும் குற்றமா?

சிங்கப்பூரில் இருக்கிற பெண்ணே, நீ அனுப்பியது சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிற ஜாமே பள்ளிவாசல். 1826இல் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் ஏற்படுத்தியது. அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில், அது 1827. கோயில் கோபுரத்தை வைத்து ஒரு சந்துக்குப் பகோடா ஸ்ட்ரீட் என்றும், பள்ளிவாசலை வைத்து அடுத்த சந்துக்கு மாஸ்க் ஸ்ட்ரீட் என்றும் பெயர். பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிப் போன நம் ஆட்கள் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள், தொழுதார்கள். ஊரில் உட்கார்ந்திருக்கிற நமக்கு ஒரே ஆல்பத்தில் பார்ப்பதற்கே மூச்சு முட்டுகிறது.

அன்றைக்கு மலையில் என்ன நடந்தது என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. சொல்கிறேன்.

ஆரம்பிக்கும்போது பிள்ளைகளிடம் பள்ளிவாசல் ஒன்று வரையச் சொன்னேன். மொத்தப் பேரும் ஒரே மாதிரி வரைந்தார்கள். நடுவில் வெங்காயம் மாதிரி ஒரு குவிமாடம், இரண்டு பக்கமும் பென்சில் மாதிரி இரண்டு தூண், மேலே பிறை. பச்சைக் கலர். பாதிப் பேர் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததும், டிவியில் பார்த்ததும்தான். பிறகு மாலி நாட்டு அட்டையை எடுத்தேன். புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது, பின்னால் பிரெஞ்சில் அச்சடித்திருக்கும். ஜென்னே என்கிற ஊரின் பெரிய பள்ளிவாசல். முழுக்க மண். பச்சை மண் கல்லை வெயிலில் காயவைத்து அடுக்கி, மேலே மண் பூசிய கட்டடம். சுவரெல்லாம் கட்டை கட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது நிற்பது 1907இல் கட்டியது. 1988இல் அந்த ஊரையே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

படத்தைப் பார்த்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "மழ பேஞ்சா கரஞ்சிடாதா டீச்சர்?" என்றான். மண் வீட்டில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வி அது. டவுனில் கான்கிரீட் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதே அட்டையை எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன், ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. கரையும் கண்ணு, அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் ஊரே சேர்ந்து திருவிழா மாதிரி பூசுகிறது என்றேன். ஆற்று மண்ணோடு உமி கலந்து பிசைகிறார்கள். ஆண்கள் மண் சுமக்க, பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள். அப்போது இன்னொரு பெண், "எங்க ஆயாவும் உமி போட்டுத்தான் பெசையும்" என்றாள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கட்டைகள் எதற்கு என்று கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது: ஏறி நின்று பூசுவதற்கு. சாரமே சுவரோடு சேர்ந்திருக்கிறது! அது பனங்கட்டை, நம் ஊர்ப் பனைக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற பங்காளி மரம் என்றதும் வகுப்பே கலகலத்தது.

அந்த அரை மணி நேரத்தில் மதம் எங்கே வந்தது? மண் வந்தது, உமி வந்தது, மழை வந்தது, பனை வந்தது. உலகப்படத்தில் மாலியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தங்கள் வீட்டு மண்சுவரைப் பற்றி வெட்கப்படாமல் பேசினார்கள். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள் சொல்கிறேன், இப்படி ஒரு அரை மணி நேரம் சுலபத்தில் கிடைக்காது.

அதற்குப் பிறகு சீனாவின் சியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசல் அட்டை. இப்போது இருக்கிறதில் பெரும்பகுதி மிங் அரசர் காலத்தது. வளைந்த ஓட்டுக்கூரை, முற்றத்துக்குப் பின் முற்றம், பாங்கு சொல்லும் கோபுரமே எட்டு மூலை மண்டபம். பார்க்கிற யாரும் சீனக் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஜாவாவில் தெமாக் பள்ளிவாசலுக்குக் குவிமாடம் கிடையாது, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் கூரை, உள்ளே மரத்தூண்கள். அதில் ஒரு தூணைச் செதுக்கித் தள்ளிய மரச்சில்லுகளைச் சேர்த்துக் கட்டியே செய்தார் ஒரு பெரியவர் என்று ஜாவாவில் கதை சொல்வார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தூரம் எதற்கு? நம் கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்தூண், அதன் மேல் போதிகை, கல்லால் மூடிய மேல்தளம். குவிமாடம் கிடையாது. உருவச் சிலை இல்லை, பூவும் கொடியும்தான். நம் ஊர்க் கோயில் மண்டபம் கட்டிய உளிதான் அதையும் கட்டியது என்று பார்த்தாலே தெரிகிறது. எந்த மண்ணில் போய் நின்றதோ அந்த மண்ணின் கல்லையும் மரத்தையும் கூரையையும் பள்ளிவாசல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆல்பத்தைக் கடைசி வரை புரட்டியவர்களுக்கு இது விளங்கும். அட்டைப் படத்தைப் பார்த்ததுமே கமெண்ட் எழுதியவர்களுக்கு விளங்காது. உங்களுக்கும் அந்தப் பிள்ளைகள் முதலில் வரைந்த வெங்காயம்தான் மனதில் இருக்கிறது. அவர்களுக்கு அரை மணி நேரத்தில் மாறிவிட்டது.

இப்போது கொஞ்சம் கனமான கேள்விக்கு வருகிறேன். "கோயிலை இடித்துக் கட்டியதையும் காட்டுவீர்களா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி என்றே எடுத்துக்கொள்கிறேன். காட்டுவேன், காட்டியிருக்கிறேன். குதுப்மினார் பக்கத்திலிருக்கிற பள்ளிவாசலின் கிழக்கு வாசல் கல்வெட்டு, 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு கட்டியதாகவே சொல்கிறது. அதை மறைப்பது வாத்தியார் வேலை இல்லை. என் ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் எதிரும் புதிருமாக இரண்டு நாட்டுத் தலைகள் இருக்கின்றன. ஒன்று துருக்கியின் ஹாகியா சோபியா. 537இல் தேவாலயமாக எழுந்து, 1453இல் பள்ளிவாசலாகி, 1934இல் அருங்காட்சியகம் என்று முடிவாகி, 2020இல் மறுபடி பள்ளிவாசல் ஆனது. இன்னொன்று ஸ்பெயினின் கோர்தோபா. எட்டாம் நூற்றாண்டில் பள்ளிவாசலாக எழும்பி, 1236இல் தேவாலயமானது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்கு, ஜெயித்தவன் தோற்றவனுடைய கட்டடத்தை எடுத்துக்கொள்வது எந்த ஒரு மதத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்த வழக்கமில்லை என்று புரியும். ஒன்றை மட்டும் காட்டு என்று சொல்கிறவர்களுக்குத்தான் வரலாறு தேவையில்லை, வசவு தேவைப்படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. 1949 ஆகஸ்ட் 15இல் சுதந்திர இந்தியா வெளியிட்ட 16 தலைகள் கொண்ட வரிசை. முழுதாக என்னிடம் இல்லை, ஆசிரியர் சம்பளத்தில் அந்த 15 ரூபாய்த் தலையைத் தேடி வாங்க முடியவில்லை. 2 அணாவில் நடராசர். 6 அணாவில் பீஜப்பூர் கோல்கும்பாஸ். 12 அணாவில் அமிர்தசரஸ் பொற்கோயில். சாஞ்சி ஸ்தூபி, கொனாரக் குதிரை, கஜுராஹோ. 5 ரூபாயில் தாஜ்மகால், 10 ரூபாயில் அதே குதுப்மினார், 15 ரூபாயில் பாலிதானா சமணக் கோயில். தேதியைப் பாருங்கள். பிரிவினை நடந்து இரண்டே வருஷம். ரத்தம் காயவில்லை. காந்தியைப் பறிகொடுத்து ஒன்றரை வருஷம்கூட முழுதாகக் கடந்திருந்தது, அவ்வளவுதான். அப்போதுகூட இந்த நாட்டுத் தபால்துறைக்கு, குதுப்மினாரை ஒட்டினால் வம்பு வரும், பட்டாம்பூச்சி போடுவோம் என்று தோன்றவில்லை. அந்தத் தலைகளை நாக்கில் ஈரம் தொட்டு ஒட்டியவர்கள் உங்கள் தாத்தாக்கள். யாருடைய மதமும் நாக்கு வழியாக மாறிப்போனதாக நான் கேள்விப்படவில்லை.

கோயில் படம் இல்லையா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கோயில்களுக்குத் தனி ஆல்பம் இருக்கிறது. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளிவிழாவுக்கு வந்த 1 அணா ராமேஸ்வரம் தலைதான் அதில் முதல் பக்கம். போன வருஷம் அதே மலைக்கு அதைத்தான் கொண்டுபோனேன், படமும் போட்டேன். எத்தனை கேள்வி வந்தது தெரியுமா? ஒன்றுமில்லை. இருபது கும்பிடு பொம்மை வந்தது. ரயில் ஆல்பத்துக்கு அதுவும் இல்லை.

செஞ்சிக்கோட்டைக்கு நான் அழைத்துப்போன பேட்ச் எல்லாம் இங்கே இருக்கிறீர்கள். 1717-18இல் கட்டிய சாதத்துல்லாகான் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அந்த நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தீர்கள். வெங்கடரமணர் கோயில் தூணையும் தடவிப் பார்த்தீர்கள். அன்றைக்கு யார் வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. (அப்போது போனே இல்லை என்பது வேறு விஷயம்.)

"இதனால் பரீட்சைக்கு என்ன பிரயோஜனம்" என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: 2017இலிருந்து தபால்துறை தீன்தயாள் ஸ்பர்ஷ் என்று ஒரு உதவித்தொகை தருகிறது. தபால்தலை சேகரிக்கிற 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷம் 6,000 ரூபாய். பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும், பிள்ளை நன்றாகவும் படிக்க வேண்டும், வினாடி வினாவும் ஒரு செயல்திட்டமும் உண்டு. மன்றம் இல்லையென்றால் பிள்ளை பெயரில் தபால்தலைக் கணக்கு இருந்தாலும் போதும், அதற்கு 200 ரூபாய் கட்டினால் சரி. மலைப் பிள்ளை ஒன்றுக்காவது இதை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுதான் பஸ் ஏறிப் போகிறேன். ஊக்கப்படுத்த மனமில்லாதவர்கள் பேசாமலாவது இருக்கலாம்.

அடுத்த மாதமும் போகிறேன். போன் செய்தவரிடம் சொல்லிவிட்டேன்: பட்டாம்பூச்சியும் வரும், பள்ளிவாசலும் வரும், இரண்டையும் ஒரே பையில்தான் கொண்டு வருவேன். வேண்டாம் என்றால் எழுத்தில் கொடுங்கள், காரணத்தையும் எழுதுங்கள் என்றேன். இதுவரை எழுத்து வரவில்லை.

ஒரு உதவி கேட்கிறேன். மாலி, சீனா, துருக்கி எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, கீழக்கரை மட்டும் ஒழுங்காக இல்லை. யாரோ போனில் எடுத்த படத்தை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். ராமநாதபுரம் பக்கம் வேலையாக இருக்கிற நம் பிள்ளைகள் யாராவது, அந்தப் பள்ளிவாசலைத் தெளிவாகப் படமெடுத்து, அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, தபால்தலை ஒட்டி, கீழக்கரைத் தபால் ஆபீசிலேயே கொடுத்து அனுப்புங்கள். ஊர்ப்பெயர் தெரிகிற மாதிரி முத்திரையை அழுத்திக் குத்தச் சொல்லுங்கள். தயவுசெய்து கவருக்குள் போட்டு அனுப்ப வேண்டாம். என் வீட்டு விலாசம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது.