நோன்புக் கஞ்சியும் நெகிழிப் பையும்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பதினான்கிற்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை நடப்பில் உள்ளது. அதற்கான அரசாணை 2018 ஜூன் திங்களில் வெளிவந்தது. அவ்வாணையின் பட்டியலை முழுமையாகப் படித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே இருப்பர். படிப்போர்க்கு அது ஏதோ நம் வீட்டு வலீமா விருந்திற்கு எழுதப்பட்ட சாமான் சீட்டுப் போலத் தோன்றும். உணவு மேசைமீது விரிக்கும் நெகிழித் தாள், உணவு பொதியும் தாள், தெர்மகோல் தட்டு, உட்புறம் நெகிழி பூசிய காகிதக் குவளை, தேநீர்க் குவளை, தண்ணீர்ப் பொட்டலம், உறிஞ்சு குழல், எல்லாத் தடிமனிலுமான கைப்பை என்று அது நீள்கிறது. தடை வந்து ஆண்டுகள் பல ஆகியும் நம் பந்திகளில் இவற்றுள் எது குறைந்துவிட்டது?

நெகிழி ஒழிப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நமது விரல் பூக்காரப் பெண்மணியையும் தள்ளுவண்டிக்காரரையும் நோக்கியே நீளுகிறது. அபராதமும் பெரும்பாலும் அவர்கள் தலையிலேயே விழுகிறது. வாங்க வருகிறவர் வெறுங்கையோடு வருகிறார்; பை இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்; எனவே அவர்களும் கொடுக்கிறார்கள். கடைத்தெருவில் இதை மாற்ற வேண்டுமானால் ஆயிரம் பேர் ஆயிரம் முறை மனம் மாற வேண்டும். ஆனால் ஒரு முஹல்லாவின் இஃப்தார் ஏற்பாட்டைத் தீர்மானிப்போர் எத்தனை பேர்? ஜமாஅத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்களோடு இரண்டு மூன்று பெரியவர்கள். ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து முடிவெடுத்துவிடலாம். எளிதில் மாறக்கூடிய இடம் எதுவோ அங்கிருந்து தொடங்குவதே அறிவுடைமை. அவ்விடம் நம் கைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி.

நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ரமலான் மாதத்தில் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் அஸருக்குப் பிறகு எழும் அந்த மணத்தை அறியாதார் யார்? பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும் அக்கஞ்சிக்கு அரசும் அரிசி வழங்கி வருகிறது. சமய வேறுபாடின்றி அக்கம்பக்கத்தார் அனைவரும் வந்து வாங்கிச் செல்லும் அருட்கொடை அது. முன்னாளில் பிள்ளைகள் தூக்குவாளியோடும் ஈயப் பாத்திரத்தோடும் வரிசையில் நிற்பார்கள். இன்று பல ஊர்களில் அந்த வாளி வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி மெல்லிய பாலிதீன் பையில் ஊற்றப்பட்டு, வாய் முடிச்சிடப்பட்டு, வண்டியின் கைப்பிடியில் தொங்கியபடி வீடு செல்கிறது. முன்னதாகவே கட்டி வைத்துவிட்டால் கூட்டம் விரைவில் கலையும் என்று கொடுப்போர் கருதுகின்றனர். அலுவலகத்திலிருந்து நேரே வருவோர்க்கும் அது வசதியாயிற்று. வசதியைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு பள்ளியில் நாளொன்றுக்கு முந்நூறு பை என்று வைத்துக்கொண்டால் முப்பது நாளில் ஒன்பதாயிரம் பை. பள்ளிக்குள் நோன்பு திறப்போர்க்கு வைக்கும் குவளைகள் இக்கணக்கில் சேரா.

சூடும் கொழுப்பும் கூடிய உணவு படும்போது நெகிழியில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் உணவில் கசியக்கூடும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். 2022ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் குருதிக்கொடையாளர் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 17 பேரின் இரத்தத்தில் நெகிழியின் நுண்துகள்கள் இருந்தன. பகல் முழுதும் பட்டினி கிடந்த குடலில் முதலில் இறங்குவது எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பெரியோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பாலிதீன் 1933இல் இங்கிலாந்துத் தொழிற்கூடம் ஒன்றில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொருள். அதனால் செய்த கைப்பைக்குச் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று காப்புரிமை பெற்றது 1965இல். ஒரு மனித ஆயுளுக்குள் அது உலகை மூடிவிட்டது. 2015 வரை உலகில் உற்பத்தியான நெகிழி ஏறத்தாழ 830 கோடி டன் என்றும், கழிவாகிப்போன 630 கோடி டன்னில் மறுசுழற்சிக்குச் சென்றது நூற்றுக்கு 9 பங்கே என்றும் 2017இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 12 பங்கு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 பங்கும் குப்பைமேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கிறது. மறுசுழற்சி செய்துகொள்ளலாம் என்று ஆறுதல் சொல்வோர் இந்த எண்களை மனத்திற் கொள்க.

நம் மக்கள் செறிந்து வாழும் கடற்கரையூர்களுக்கு இது இன்னும் நெருங்கிய செய்தி. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர் வழங்கும் அந்தச் சாதுவான விலங்கு கடற்புல்லை மேய்ந்து உயிர் வாழ்வது. கரையிலுள்ள ஊர்களின் வாய்க்கால்கள் எல்லாம் அக்கடலில்தான் சென்று கலக்கின்றன. விருந்து முடிந்த இரவில் நாம் வாய்க்காலோரம் கொட்டுவது எங்கே போய்ச் சேரும் என்று சொல்லவும் வேண்டுமோ?

சட்டம் இயற்றிவிட்டால் போதும் என்பார்க்கு வங்காளதேசத்தின் வரலாறு தக்க பாடம். 1988, 1998 ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் டாக்கா நகரின் வடிகால்களைப் பாலிதீன் பைகள் அடைத்துக்கொண்டதைக் கண்ட அந்நாடு, 2002இல் மெல்லிய பைகளைத் தடை செய்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. சணல் விளையும் மண் அது. மாற்றுப் பைக்கு அயலாரை நாட வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் கண்காணிப்புத் தளர்ந்தது. பைகள் திரும்பி வந்தன. 2024இல் மீண்டும் தொடக்கத்திலிருந்து தடையை வலியுறுத்த வேண்டியதாயிற்று. நம் நாட்டு விதிகளும் பையின் தடிமனை 1999இல் 20 மைக்ரான் என்று தொடங்கி 2022 இறுதியில் 120 மைக்ரான் வரை உயர்த்தியிருக்கின்றன. விதி மாறுந்தோறும் பைதான் கொழுத்தது, பழக்கம் மெலியவில்லை.

பழக்கத்தை மாற்ற வெளியூரிலிருந்து எதையும் நாம் கொண்டுவர வேண்டியதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சஹன் சாப்பாடு என்றொரு மரபு உண்டு. அகன்ற தட்டொன்றில் சோறும் கறியும் வைக்கப்பட, இருவரோ நால்வரோ சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்பர். செல்வரும் ஏழையும் ஒரே சஹனில் கை வைக்கும் சமத்துவத்தைப் பற்றி மேடைகளில் நிரம்பப் பேசியிருக்கிறோம். அதன் மற்றொரு சிறப்பை எவரும் பேசக் கேட்டதில்லை: நால்வர் உண்ட பின் கழுவ வேண்டியது ஒரே தட்டு, எறிய வேண்டியது ஏதுமில்லை. அத்தகைய சஹனுக்கு அடியில் இன்று சுருளிலிருந்து கிழித்த நெகிழித் தாளை விரிக்கிறோம்; பக்கத்தில் ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி வைக்கிறோம்; பந்தி முடிந்ததும் எலும்பும் எஞ்சிய சோறும் புட்டிகளும் உள்ளேயே கிடக்க, தாளை நாற்புறமும் சுருட்டி எடுத்துச் செல்கிறோம். மாடு தின்னும், அல்லது யாரோ தீயிடுவர், அந்தப் புகை அண்டை வீட்டாரின் உரிமையைப் பறிப்பதாகும்.

சுப்ரா என்னும் உணவு விரிப்பு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலிருந்தே வருவது. தோலாலும் துணியாலும் அமைந்தது. துடைத்து மடித்து வைத்து மீண்டும் விரிக்கப்பட்டது. தமிழகத்தில் கோரைப் பாய்க்குப் பஞ்சமில்லை. புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாயை நெய்பவர்கள் நம் சமுதாயப் பெண்மக்களே ஆவர். பட்டுப்போன்ற அந்த உயர்ந்த பாயில் குழம்பைச் சிந்த வேண்டாம். சாதாரணக் கோரைப் பந்திப்பாய் போதும். அவர்கள் கைத்தொழிலுக்கும் அது ஆதரவாகும்.

இதற்கு எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. “தட்டும் கோப்பையும் யார் கழுவுவது? இராமநாதபுரத்துக் கோடையில் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது?” என்று கேட்போர் சோம்பேறிகளல்லர். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்னும் அறிவுரையை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார்; அதனைக் காட்டி, ஆயிரம் தட்டுக் கழுவுவதும் விரயந்தானே என்று வாதிடலாம். விருந்துக்குச் சஹன் இருக்கிறது. கஞ்சிக்கு வீட்டுப் பாத்திரம் இருக்கிறது, அதைக் கழுவும் நீர் எவ்வாறாயினும் செலவாகும் நீரே. மீதமுள்ள வேலைக்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்க வேண்டும். இதில் நமக்குத் தயக்கமிருப்பதுதான் உண்மைக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. குவளை வாங்கப் பணம் ஒதுக்கும் கரம், கழுவும் ஏழைப் பெண்ணின் கூலிக்கு நீளத் தயங்குகிறது. பணம் தொழிற்சாலைக்குச் செல்வதைவிட நம் தெருவில் வாழும் விதவைத் தாயின் இல்லத்திற்குச் செல்வது நன்றன்றோ?

திருமணப் பரிசுப் பையைப் பற்றியும் ஒரு சொல். துணிபோலவே தோன்றும் நெய்யப்படாத பை, பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியின் இழை, பருத்தியன்று. அதன்மீதான தடை உச்ச நீதிமன்றம் வரை வழக்காகச் சென்றது வேறு செய்தி. மணமக்கள் பெயரை அச்சிட்டுத் ‘துணிப்பை’ என்று மனநிறைவோடு வழங்குவோர் அறிந்துகொள்ள வேண்டும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் நினைவூட்டும் பருத்திப் பைதான் மெய்யான துணிப்பை.

மருத்துவமனையின் ஊசிக்குழலும் குருதிப்பையும் நெகிழிதாம். அவை உயிர் காப்பவை. அவற்றோடு இவற்றைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

மாணவ நண்பர்கள் தம் கல்லூரி விழாக்களில் தண்ணீர்ப் புட்டிக்குப் பதிலாகக் குடமும் குவளையும் வைக்கட்டும். சிறப்பு விருந்தினர் எவரும் அதனால் குறைவுபடமாட்டார். இமாம்கள் ஷஃபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில், கஞ்சிக்குப் பாத்திரம் கொண்டுவருமாறு முன்கூட்டியே அறிவித்துவிடட்டும். மறந்து வெறுங்கையோடு வரும் வழிப்போக்கர்க்கெனப் பள்ளியில் மூடியுள்ள பாத்திரங்கள் ஐம்பதை முன்பணம் பெற்றுக்கொண்டு கொடுக்கலாம். திருப்பித் தருவோர்க்குப் பணத்தைத் திரும்பக் கொடுத்துவிடலாம். பழமையான ஜமாஅத்துகள் பலவற்றில் விருந்துக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே தேக்சாக்களும் சஹன்களும் நிறைந்த பாத்திர அறை உண்டு. சில இடங்களில் அதன் பூட்டுத் திறந்து நெடுங்காலமாகியிருக்கும். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திற்கு அவ்வறையின் சாவியையும் கணக்கேட்டையும் கொண்டுவரட்டும்; சஹன் எத்தனை இருக்கிறது, எத்தனைக்கு ஈயம் பூச வேண்டும், புதிதாக எத்தனை வாங்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளட்டும். ஈயம் பூசுபவர் ஊர்தோறும் வந்த காலம் போய்விட்டது. அவரைத் தேடிப் பிடிக்கவே சில வாரங்கள் ஆகும். ஆதலின் ரஜப் மாதத்திலேயே தொடங்குவது நலம்.