உலை வைப்போர்க்கு ஓட்டு எங்கே?



சங்கத்துக்குச் சட்டதிட்டம் எழுதுவது எழுத்தர் வேலை என்று எண்ணுவோர் நம்மிலும் உளர். கொடி பிடிப்பது வீரம். கோஷம் எழுப்புவது வீரம். சிறை புகுவது வீரம். ஆனால், உறுப்பினர் என்பவர் யார், பொதுக்குழு கூட எத்தனை பேர் வேண்டும், சந்தாப் பணம் எவர் பெயரில் வங்கியில் இருக்கும் என்றெல்லாம் உட்கார்ந்து எழுதுவது சலிப்பூட்டும் காரியமாம்! ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர் ஏதேனும் ஒரு பழைய சங்கத்தின் விதிகளைப் படியெடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தந்துவிடுவாராம், முடிந்தது வேலையாம்! இப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது. இப்படி நடப்பதால்தான், உழைப்பவர் என்றும் உறுப்பினராகவும், உழைப்பை விட்டு நெடுநாள் ஆனவர் என்றும் தலைவராகவும் நீடிக்கும் விந்தையை நாம் காண்கிறோம்.

ரிஷிவந்தியம் என்றதும் வெளியூரார்க்கு அர்த்தநாரீசுவரர் கோயில் நினைவுக்கு வரும். அரசியல் பேசுவோர்க்கு 2011ஆம் ஆண்டுத் தேர்தலும், அத்தொகுதியில் வென்றவர் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்ததும் நினைவுக்கு வரும். நான் நினைவூட்ட விரும்புவது அவ்விரண்டையும் அன்று. அவ்வட்டாரத்துப் பள்ளிகளின் அடுப்படியை. விடியுமுன் எழுந்து வந்து உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ சமைத்துக் காலைப் பசி தீர்க்கும் மகளிர் குழுப் பெண்கள் அங்கே உண்டு. அவர்கள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும் வேளையில் நண்பகல் உணவுக்கு உலை வைக்கும் சமையலரும், சமையல் உதவியாளரும், அரிசிக் கணக்கும் முட்டைக் கணக்கும் எழுதும் அமைப்பாளரும் உண்டு. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் பெற்ற விடுதிகளிலே காப்பாளரும், சமையலரும், காவலரும் உண்டு. மேற்கே மலையேறினால், கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலே, தாய் தந்தையர் வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட்ட பிள்ளைகளுக்குச் சோறிட்டு, காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போரும் உண்டு. வகுப்பறைக்குள் நிற்பவரை நாடு ஆசிரியர் என்று வணங்குகிறது; வணங்கட்டும். அந்த வகுப்பறைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் கை எவருடையது?

அக்கைக்கு அரசுகள் சூட்டியிருக்கும் பெயர்களைக் கேளுங்கள். ஒருவருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம், இன்னொருவருக்கு மதிப்பூதியம், மற்றொருவருக்குத் தொகுப்பூதியம். மதிப்பு உண்டு, ஊதியந்தான் இல்லை! மைய அரசு 2009இல் மதிய உணவு சமைப்போர்க்கு வகுத்த தொகை திங்களுக்கு 1000 ரூபாய். அதுவும் ஆண்டில் 10 திங்களுக்கு மட்டும். பள்ளி விடுமுறை விடும் இரண்டு திங்களில் சமைத்தவள் வயிறும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்ட அந்த மேதைகளை என்னென்று போற்றுவது! 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர் என்று ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் வழங்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே உறங்குகிறது. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று 2006இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2022இல் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியில் எத்தனை பெண்கள் வெறுங்கையுடன் வீடு திரும்பியிருப்பார்கள்!

ஆகவே சங்கம் வேண்டும். அதுவும் நாடு தழுவிய சங்கம் வேண்டும். உணவுத் திட்டத்தின் செலவில் ஒரு பங்கு டில்லியிலும் ஒரு பங்கு சென்னையிலும் முடிவாகும்போது, ஒன்றியத் தலைநகரில் மட்டும் முழங்கிவிட்டுத் திரும்பினால் போதாது. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சங்கம் நாடளவு விரிய விரிய, அடுப்படிக்கும் தலைமைக்கும் இடையே தொலைவும் விரிகிறதே! ரிஷிவந்தியத்திலிருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். சென்னையிலிருந்து டில்லிக்கு இரயிலில் ஒன்றரை நாள். அத்தொலைவைக் கடக்க அந்தச் சமையலருக்கு இருக்கும் ஒரே ஊர்தி, சங்கத்தின் விதிமுறை ஏடுதான்.

வரலாற்றைச் சற்றே திருப்பிப் பாருங்கள். 1918இல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டபோது, சங்கம் என்பதற்கே சட்டத்தில் இடமில்லை. நெசவாலை நிருவாகம் வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. அந்த அநீதியைக் கண்டு என்.எம்.ஜோஷி 1921இல் மைய சட்டசபையில் குரல் எழுப்ப, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வெள்ளையன் இயற்றிய சட்டந்தான். ஆயினும் அச்சட்டம் சங்கங்களிடம் என்ன கேட்டது? உறுப்பினர் பட்டியல் வைத்திரு. அதை உறுப்பினர் எவரும் பார்க்க வழி செய். நிதியை எந்தெந்தக் காரியத்துக்குச் செலவிடுவாய் என்று எழுதி வை. ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய். கணக்கேட்டை உறுப்பினர் கேட்டால் காட்டு. விதியை எவ்வாறு திருத்துவாய், சங்கத்தை எவ்வாறு கலைப்பாய் என்பதையும் சொல். 2001இல் வந்த திருத்தம் இன்னொன்றையும் கேட்டது: நிருவாகிகளின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படலாகாது. நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். தாம் சேர்ந்திருக்கும் சங்கத்தின் கணக்கேட்டைக் கண்ணால் கண்ட சமையலர் எத்தனை பேரை நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள்?

1926ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. அத்தொகுப்பின் கேடுகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்று: பழைய சட்டத்தின்கீழ் பதிவான சங்கங்கள் தம் விதிகளைப் புதிய சட்டத்துக்கேற்பச் செப்பனிட்டு அறிக்கை தரவேண்டும் என்கிறது அது. அதாவது, பூட்டிவைத்த பெட்டியிலிருந்து விதி ஏட்டை எடுத்தே ஆகவேண்டும். எடுத்த கையோடு பெயரையும் தேதியையும் மட்டும் திருத்திவிட்டு மீண்டும் பூட்டப்போகிறோமா?

முதற்கேள்வி, யார் உறுப்பினர்? 2022 செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. அதன் பணியைச் சத்துணவு ஊழியரிடமே தந்திருக்கவேண்டும் என்று அவர்தம் சங்கங்கள் கேட்டன. கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அரசு அதனை மகளிர் குழுக்களிடம் தந்தது. விளைவென்ன? ஒரே பள்ளி வளாகம், ஒரே பிள்ளைகள், காலைக்கு ஒருத்தி, நண்பகலுக்கு ஒருத்தி. காலைக்காரி தன் வேலையைப் பறித்துக்கொண்டாள் என்று நண்பகல்காரி நினைக்கிறாள். நண்பகல்காரிக்குக் கிடைக்கும் காலமுறை ஊதியம் தனக்கில்லையே என்று காலைக்காரி ஏங்குகிறாள். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கும்வரை இருவரையும் ஏய்ப்பது எளிது அன்றோ! 'காலமுறை ஊதியம் பெறுவோர் மட்டுமே உறுப்பினராகலாம்' என்று ஒரு வரியை விதியில் எழுதிவிட்டால், அந்த ஏய்ப்புக்குச் சங்கமே முத்திரை குத்தியதாகும். புதிய சட்டமோ, நிறுவனத்தின் பெயர்ப்பட்டியலில் 51 விழுக்காட்டினரைப் பெற்ற சங்கத்துக்கே தனித்துப் பேசும் உரிமை என்கிறது. அந்தப் பெயர்ப்பட்டியலில் மகளிர் குழுப் பெண் எங்கே? ஒப்பந்தக்காரரின் துப்புரவுப் பணியாளர் எங்கே? அரசு எண்ணாதவர்களைச் சங்கம் எண்ணவேண்டும். ஊதியம் எந்தப் பெயரில் வந்தாலும், மாணவனுக்காக உழைப்பவர் எவரும் உறுப்பினர். அவருடைய ஓட்டும் முழு ஓட்டு. துணை உறுப்பினர், இணை உறுப்பினர் என்ற ஏமாற்று வேண்டாம். இந்த ஒரு விதிக்காக மாநாட்டில் இரவு முழுதும் வாதிட நேர்ந்தாலும் வாதிடலாம்.

அடுத்து, அந்த ஓட்டை எங்கே போடுவது? ஒரு சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர் ஒருவர், சமையலர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்பது ஏற்பாடு. மூவரில் இருவர் அடுப்பருகில் நிற்பவர். சங்க மேடையிலோ பெரும்பாலும் பேனா பிடித்தவரே அமர்ந்திருக்கிறார்! அமைப்பாளர்மேல் எனக்குப் பகையில்லை. இடங்கள் காலியாகக் கிடப்பதால் ஒருவரே இரண்டு மூன்று மையங்களுக்கு ஓடும் அவர் பாடும் பெரும்பாடே. ஆயினும், எண்ணிக்கையில் மூன்றில் இரு பங்கினர் செயற்குழுவிலும் மூன்றில் இரு பங்கு பெறவேண்டும் என்று எழுதுவதில் என்ன தடை? 1982இல் இத்திட்டம் விரிவாக்கப்பட்டபோது கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அவ்வாறு பெண்களே நிறைந்த ஒரு துறையின் பொதுக்குழுவைச் சென்னையில் ஒரு விடுதி மண்டபத்தில் இரவு எட்டுமணிவரை நடத்தினால், மறுநாள் காலை ரிஷிவந்தியத்தில் உலை வைக்கவேண்டியவள் எப்படி வருவாள்? வரவில்லை என்றதும், 'பெண்களுக்குச் சங்கப் பணியில் ஆர்வம் இல்லை' என்று தீர்ப்புக் கூறவும் நம்மிடையே ஆள் உண்டு! தேர்தல் வாக்குப்பெட்டி ஒன்றியம் ஒன்றியமாக வரவேண்டும். மலையில் ஊர் ஊராகச் செல்லவேண்டும். பேராளர் பயணச் செலவைச் சங்கமே ஏற்கவேண்டும். குறைவெண் நிறைவேறாத கூட்டத்தை அரைமணி நேரம் ஒத்திவைத்துவிட்டு, இருக்கும் பத்துப் பேரைக் கொண்டே தீர்மானம் நிறைவேற்றலாம் என்ற விதி பல சங்கங்களில் இருக்கிறது. அதனை முதலில் அடித்துவிடுங்கள்.

மலை என்றேன். கல்வராயன் மலையைச் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்கள் ஆண்டன. நாடு விடுதலை பெற்றுக் குடியரசாகிப் பல்லாண்டு கழிந்தபின், 1976இல்தான் அவை அரசின் கைக்கு வந்தன. தம் தலைவிதியை வேறொருவர் எழுத, அதைச் சுமந்து மட்டும் வாழ்ந்த மக்கள் அவர்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின்னரே அம்மலையின் வறுமை பலருக்குக் கண்ணில் பட்டது. அத்தகைய மலையின் பள்ளி விடுதியில் சமைக்கும் பெண்ணிடம் போய், 'தலைமை முடிவெடுத்துவிட்டது, கட்டுப்படு' என்று சொல்லும் சங்கத்துக்கும் ஜாகீருக்கும் என்ன வேறுபாடு?

இனிச் சொல்லப்போவது நம் தோழர்கள் சிலருக்குக் கசக்கும். சங்கத்தின் தலைமையில் வெளியார் இருக்கலாமா? வாடியா நெசவாளி அல்லர், திரு.வி.க.வும் அல்லர், இரயில்வேத் தொழிலாளர்க்குத் தலைமை தாங்கிய வி.வி.கிரி வழக்கறிஞர். எழுத்தறியாத் தொழிலாளியை முதலாளி மிரட்டிய காலத்தில் வெளியார் துணை இன்றியமையாததாயிருந்தது. அதனால்தான் 1926ஆம் ஆண்டுச் சட்டம் நிருவாகிகளில் பாதிப்பேர் வரை வெளியாராக இருக்க இடமளித்தது. 2001இல் அமைப்புசார்ந்த தொழில்களில் அது மூன்றிலொரு பங்கு அல்லது ஐவர், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குச் சுருங்கிற்று. இன்று அமைப்பாளர் பணியில் பட்டம் பெற்றோரும் உண்டு. விடுதிச் சமையலரின் மகள் சட்டம் படிக்கிறாள். இன்னும் நம் ஒன்றியச் செயலாளர்தான் அவர்களுக்குத் தலைவராக வேண்டுமா? ஆளுங்கட்சி மாறுந்தோறும் சங்கத்தின் தலைவரும் மாறுவது சங்கத்துக்கு அழகா? கட்சி துணை நிற்கட்டும்; துண்டறிக்கை அச்சிடட்டும்; சட்டமன்றத்தில் பேசட்டும். நாற்காலியில் அமரவேண்டா. எதிர்க்கட்சிக்காரன் அமர்ந்துவிடுவானே என்று அஞ்சுவோர்க்குச் சொல்வேன்: எவனும் அமராதிருக்க விதி எழுதுங்கள், அவ்விதி நம்மையும் சேர்த்தே கட்டட்டும்.

விதி பெருகினால் போர்க்குணம் மங்கும் என்பாரும் உளர். 2003ஐ மறந்தனரோ? அவ்வாண்டு சூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியரும் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்டு 6இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையாகவும் இல்லை, சட்டப்படியும் இல்லை, அறநெறிப்படியும் இல்லை என்று கூறிற்று. அப்படிப்பட்ட இடி விழும் நாளில் சங்கத்தைக் காப்பது முழக்கமா? எவர் உறுப்பினர் என்ற சரியான பட்டியலும், எவரும் கைவைக்க முடியாத போராட்ட நிதியும், 'நாங்களே வாக்களித்து இறங்கினோம்' என்ற உறுதியும் அல்லவா? புதிய சட்டம் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. கையைக் கட்டும் விதிதான் அது, எதிர்ப்போம். எதிர்க்கும்போதே, அந்த 14 நாளில் ஒவ்வோர் ஒன்றியத்திலும் இரகசிய வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று நம் விதியில் எழுதிவைப்போம். தன் கையால் ஓட்டுப் போட்டவள் முதல் மிரட்டலிலேயே ஓடமாட்டாள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சந்தாவில் பாதி ஒன்றியத்திலேயே தங்கட்டும். இருவர் கையொப்பமின்றி வங்கியிலிருந்து ஒரு காசும் வெளிவரலாகாது. ஆண்டுக் கணக்கு உறுப்பினர் நடுவே வாய்விட்டுப் படிக்கப்படட்டும்.

வரைவு எழுதுமுன், தோழர்களே, ரிஷிவந்தியத்து அடுப்படிகளுக்கும் வெள்ளிமலை விடுதிகளுக்கும் சென்று வாருங்கள். பள்ளிகளுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குமேல் செல்லுங்கள்; பாத்திரம் கழுவி முடிந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்து பேச முடியும். வரைவின் படி ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த கிழமை மீண்டும் சென்று, அவர்கள் அடிக்கச் சொல்வதை அடித்து, சேர்க்கச் சொல்வதைச் சேர்த்து வாருங்கள். மலைக்குச் செல்வோர் திரும்பும் பேருந்தின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.