பரிசும் பின்னல் பயிற்சியும்

கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருளைப் பல நாள் உழைத்துப் பின்னுவது வீண் எனச் சிலர் கருதுகின்றனர். ஆனால், கையால் பின்னும் ஒவ்வொரு பரிசும் ஒரு புதிய நுட்பத்தைக் கற்றுத் தருகிறது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னும் உறை, அடிப்படைப் பின்னல்களைப் பழக்குகிறது. குழந்தையின் தொப்பி, வட்டமாகப் பின்னவும் உச்சியை நோக்கிக் கண்ணிகளைக் குறைக்கவும் கற்பிக்கிறது. காலுறையோ குதிகாலுக்கேற்ப வளைத்துப் பின்னும் முறையைக் கற்றுத் தருகிறது.

பயிற்சிக்காக மட்டும் பின்னும் துண்டில் ஒரு கண்ணி நழுவினால் பலர் அப்படியே விட்டுவிடுவர். பாட்டிக்கென்று பின்னும் காலுறையில் அவ்வாறு விட மனம் வராது. பிரித்து மீண்டும் பின்னவே தோன்றும். அந்த அக்கறையே திறமையை வளர்க்கிறது. எனவே, அடுத்த பிறந்தநாளுக்குப் பரிசு தேடும் மாணவர்கள் முதலில் ஒரு நூல்கண்டை வாங்கலாம்.